ஆட்டத்துக்கு வந்தவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்களும்

2014 மார்ச் 18 அன்று, டயாப்லோ 3 என்ற கணினி விளையாட்டுக்குள் நடத்திவந்த ஒரு சந்தையை பிளிசார்ட் நிறுவனம் மூடியது. ஆள் வராமல் மூடவில்லை. ஆள் வந்ததுதான் சிக்கலே. 2012 ஜூனில் திறந்த அந்த ஏலக்கூடத்தில், அசுரர்களைக் கொன்று எடுத்த வாள், கவசம், மோதிரம் எதையும் நிஜப் பணத்துக்கு விற்கலாம். ஒரு வாள் விற்றால் கம்பெனிக்கு ஒரு டாலர் கமிஷன். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆடுகிறவருக்குக் காசு, கம்பெனிக்குக் கமிஷன், திருட்டுத்தனமாக வெளித் தளங்களில் நடந்துகொண்டிருந்த வியாபாரத்துக்கு ஒரு நேர்வழி.

ஆனால் டயாப்லோ ஆடுவதன் சுகம் ஒரே ஒரு நொடியில் இருக்கிறது. அசுரன் சாய்ந்ததும் தரையில் என்ன விழுகிறது என்று பார்க்கிறோமே, அந்த நொடி. ஏலக்கூடம் வந்த பிறகு நல்ல வாள் வேண்டுமென்றால் அசுரனிடம் போக வேண்டியதில்லை, கடைக்குப் போனால் போதும். விழுந்த வாளைப் பார்த்ததும் ‘இதை மாட்டிக்கொள்ளலாமா’ என்று தோன்றிய இடத்தில் ‘இது எவ்வளவுக்குப் போகும்’ என்று தோன்ற ஆரம்பித்தது. அசுரனைக் கொன்று பொருளைச் சேர்ப்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை, அதையே சந்தை அரித்துவிட்டது என்று 2013 செப்டம்பரில் பிளிசார்டே ஒப்புக்கொண்டது. ஆறு மாதத்தில் கடையைக் கட்டினார்கள். பொருள்கள் விழும் விதத்தையும் திருத்தினார்கள். கூட்டம் திரும்பி வந்தது.

இந்தக் கதையில் பிளாக்செயின் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், யாரும் தனியாக மாற்றிவிட முடியாத பொதுப் பதிவேடு) எங்குமே இல்லை. இருந்தும் பிளாக்செயின் விளையாட்டுகளைப் பற்றி யாராவது கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்குவது வழக்கம். பின்னால் வந்தவர்கள் பல நூறு கோடி டாலர் செலவழித்துக் கற்றுக்கொண்ட பாடத்தின் முதல் பக்கம் அப்போதே அச்சாகி வெளியே கிடந்தது. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

2017 நவம்பர் கடைசியில் வான்கூவரிலிருந்து கிரிப்டோகிட்டீஸ் வந்தது. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பூனைப் படம் வாங்கலாம், இரண்டு பூனைகளைச் சேர்த்துக் குட்டி எடுக்கலாம், குட்டியை விற்கலாம். சில நாட்களில் எத்தீரியமே திணறியது. ஒரு பூனை ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனது. குட்டி எடுப்பதையும் விற்பதையும் தவிர அந்தப் பூனையை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இருக்கவில்லை. அதை விளையாட்டு என்று சொன்னதே பெருந்தன்மை.

அடுத்து வந்த ஆக்ஸி இன்ஃபினிட்டியை அப்படித் தள்ளிவிட முடியாது. வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் ட்ரங் நுயென் தொடங்கிய ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் ஆட்டம் இது. மூன்று குட்டி ஜந்துக்கள் சேர்ந்தால் ஒரு அணி. சீட்டுகளை இறக்கி எதிரணியோடு மோத வேண்டும். போகிமான் வாசனை அடிக்கும். மோசமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன், யோசித்து ஆட இடமிருந்தது. ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது பிளாக்செயினில் பதிவாகும் ஒரு டிஜிட்டல் காசு, கிடைக்கும். அதைப் பரிமாற்றத் தளத்தில் விற்றால் காசு.

கொரோனா ஊரடங்கில் பிலிப்பைன்ஸில் வேலை போனவர்களிடம் இது போய்ச் சேர்ந்தது. நியுவா எசிஹா மாகாணத்தின் கபனட்டுவான் நகரத்தில் மூன்று சக்கர வண்டி ஓட்டியவர், பெட்டிக்கடை நடத்திய வயதான தம்பதி என்று அக்கம்பக்கமே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது உலகச் செய்தியானது. 2021 ஜூலையில் ஒரு எஸ்எல்பி 30 சென்ட்டைத் தாண்டியது. நாளெல்லாம் ஆடினால் உள்ளூர் தினக்கூலியைவிட அதிகம் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் நாள்தோறும் ஆடியவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல்.

உள்ளே நுழைய மூன்று ஆக்ஸிகள் வாங்க வேண்டும். உச்சத்தில் ஒரு சுமாரான அணியின் விலையே ஆயிரம் டாலரைத் தொட்டது. கூலி வேலை போனவரிடம் அந்தப் பணம் ஏது? அதற்கும் ஒரு வழி பிறந்தது. பணமுள்ளவர் அணியை வாங்கி, இல்லாதவரிடம் ஆடக் கொடுப்பார்; வருமானத்தைப் பிரித்துக்கொள்வார்கள். வாங்கியவருக்கு ‘மேனேஜர்’ என்று பெயர், ஆடுபவருக்கு ‘ஸ்காலர்’ என்று பெயர். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவது என்போமே, அதேதான். பெயரில் மட்டும் படிப்பு வாசனை. பிலிப்பைன்ஸில் உருவான யீல்டு கில்டு கேம்ஸ் அமைப்பு ஆயிரக்கணக்கான ஸ்காலர்களை வைத்து இதை நடத்தியது. அவர்கள் கணக்கில் ஆடுபவருக்கு 70 சதவீதம், மேனேஜருக்கு 20, கில்டுக்கு 10. நிலச்சுவான்தார்களோடு ஒப்பிட்டால் இது தாராளம்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்து பார்க்கலாம். ஆடியவர் எஸ்எல்பியை விற்கிறார். வாங்குவது யார்? ஆக்ஸிகளை இனப்பெருக்கம் செய்பவர். குட்டி எடுக்க எஸ்எல்பி செலவாகும். அந்தக் குட்டியை வாங்குவது யார்? புதிதாக ஆட வருபவர். அவர் ஏன் ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்? ஆடி எஸ்எல்பி சம்பாதிக்க. அந்த எஸ்எல்பியை வாங்குவது யார்? மறுபடியும் முதலிலிருந்து.

2012-இல் ஈரோடு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குஞ்சு வாங்கி வளர்க்கலாம், முட்டை எடுத்துக் குஞ்சு பொரிக்கலாம், அதை அடுத்த பண்ணைக்காரருக்கு விற்கலாம். எல்லாம் நடந்தது. ஈமு கறி சாப்பிட ஆள் மட்டும் வரவில்லை. ஆக்ஸியில் கறி சாப்பிட வேண்டியவர் யாரென்றால், ‘எனக்குத் திரும்ப ஒரு பைசா வேண்டாம், ஆட்டம் பிடித்திருக்கிறது, அதற்காகக் காசு கொடுக்கிறேன்’ என்று சொல்பவர். அவர் போதுமான அளவுக்கு வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை, விளம்பரமே அப்படித்தானே சொன்னது.

‘டோக்கனைவிட ஆட்டம் முக்கியம்’ என்ற பேச்சை ஏதோ கலை ரசனை விவகாரமாகவே பலர் புரிந்துகொள்கிறார்கள். என் பார்வையில் அது வெறும் கணக்கு. ஒரு ஆட்டத்துக்குள்ளிருந்து பத்து பேர் காசு எடுத்துப் போக வேண்டுமென்றால் வேறு பத்து பேர் காசை உள்ளே விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படி விட்டுவிட்டுப் போகிறவர் ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டிருக்க வேண்டும்: ஒரு மாலைப் பொழுது, ஒரு வெற்றி, நண்பர்கள் முன்னால் காட்டிக்கொள்ள ஒரு வண்ணத் துப்பாக்கி. சாதாரண இலவச மொபைல் ஆட்டங்கள் இப்படித்தான் பிழைக்கின்றன. நூற்றில் ஒரு சிலர் செலவழிக்கிறார்கள், மற்றவர்கள் சும்மா ஆடுகிறார்கள். சுவை இல்லாத ஆட்டத்தில் காசை விட்டுவிட்டுப் போக இருக்கும் ஒரே ஆள், இன்னும் வந்து சேராத அடுத்த ஆள்.

அடுத்த ஆள் வருவது குறைந்ததும் கணக்கு கவிழ்ந்தது. நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் ஆடி டோக்கனை அச்சடிக்க, அதைச் செலவழிக்க இனப்பெருக்கம் ஒன்றுதான் வழி. 2021 முடிவதற்குள்ளேயே ஆடிக் கிடைத்த காசு தினக்கூலிக்குக் கீழே போனது. 2022 தொடக்கத்தில் ஒரு எஸ்எல்பி ஏறத்தாழ ஒரு சென்ட். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழியை மணிலாவில் எப்படிச் சொல்வார்களோ. அந்தப் பிப்ரவரியில், தனியாக ஆடும் பகுதியில் டோக்கன் கொடுப்பதை நிறுத்தியது ஸ்கை மேவிஸ். அடுத்த மாதம் 23-ஆம் தேதி ஆக்ஸி ஓடிய ரோனின் என்ற பிளாக்செயினுக்கும் எத்தீரியத்துக்கும் இடையே பணம் போய்வரும் பாலம் உடைக்கப்பட்டது. பணத்தை விடுவிக்க ஒப்புதல் தரும் ஒன்பது சரிபார்ப்புச் சாவிகளில் ஐந்தைக் கைப்பற்றிய திருடர்கள், எத்தீரியத்தின் நாணயமான ஈதர் 1,73,600-ஐயும், ஒவ்வொன்றும் ஒரு டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி நாணயம் 2.55 கோடியையும் எடுத்துப் போனார்கள். விஷயம் வெளியே வந்த நாளின் மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல். வடகொரியாவின் லாசரஸ் குழுவின் வேலை என்று எஃப்பிஐ பிறகு சொன்னது. எனக்குத் திருட்டைவிட இன்னொன்று வியப்பு: ஆறு நாள் கழித்து ஒருவர் பணம் எடுக்க முடியாமல் புகார் சொன்ன பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது.

கணக்கு போக, மனம் என்றும் ஒன்று இருக்கிறது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவிடம் மட்டும் ‘வரைந்தால் பரிசு உண்டு’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத ஒரு நாளில் அதே வண்ணப் பேனாக்களை மேஜையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். பரிசு கொடுப்பது கெடுப்பதில்லை. ‘இதைச் செய்தால் இது’ என்று பேரம் பேசிவிட்டுக் கொடுப்பதுதான் கெடுக்கிறது. ஒரு வயலில் நட்டால் மணிக்கு இத்தனை சென்ட் என்று திரையிலேயே எழுதியிருந்தால், அந்த வயலை யாரும் வயலாகப் பார்க்கப் போவதில்லை. ஒரு பிளாக்செயின் பண்ணை ஆட்டத்தில் நான் கழித்த முதல் மாலையில், வாலட்டை (டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பணப்பையை) இணைத்துக் கையெழுத்துப் போடவே முக்கால் மணி நேரம் போனது. இரண்டாவது மாலையில் பக்கத்து ஜன்னலில் எக்செல் திறந்திருந்தது. மூன்றாவது மாலை நான் போகவில்லை.

இந்தியாவிலிருந்து ஆடுகிறவருக்கு அந்த எக்செலில் இன்னும் ஒரு வரி உண்டு. 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்து விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலை முதல் விற்பனைத் தொகையிலேயே ஒரு சதவீதப் பிடித்தமும் சேர்ந்துகொண்டது. முழுநேரத் தொழிலாக ஆட நினைத்தவர்களின் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

2022-க்குப் பிறகு எல்லாரும் பலகையை மாற்றி எழுதினார்கள். ‘ஆடிச் சம்பாதி’ என்ற வாசகம் போய் ‘ஆடு, வந்தால் சம்பாதி’ என்றது. பலகையை மாற்றுவது சுலபம். உள்ளே என்ன மாறியது என்று பார்க்க ஆக்ஸியின் பக்கத்து வீட்டுக்கே போகலாம்.

பிக்சல்ஸ் என்பது பிரவுசரிலேயே திறக்கும் பழைய பாணிப் புள்ளிப்பட ஆட்டம். விதை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, அறுப்பது, சமைப்பது, அக்கம்பக்கத்தாரோடு அரட்டை. லூக் பார்விகோவ்ஸ்கி தொடங்கியது. 2023-இன் பிற்பகுதியில் பாலிகான் என்ற சங்கிலியிலிருந்து (பிளாக்செயினைத்தான் இப்படிச் சொல்கிறேன்) ஆக்ஸி இருந்த ரோனினுக்குக் குடிபெயர்ந்ததும் சில ஆயிரமாக இருந்த தினசரிக் கூட்டம் லட்சத்தைத் தாண்டியது. கூடவே பழைய வியாதியும் வந்தது. ‘பெர்ரி’ என்ற அதன் டோக்கனை அறுவடை செய்து விற்பதற்கென்றே ஆட்களும், ஆட்கள் போல நடிக்கும் நிரல்களான பாட்களும் கூட்டமாக இறங்க, பெர்ரியின் விலை இறங்கிக்கொண்டே போனது.

அவர்கள் செய்த வைத்தியம் கவனிக்கத்தக்கது. 2024-இல் பெர்ரியையே எடுத்துவிட்டு, சங்கிலிக்கு வெளியே இருக்கும் சாதாரண நாணயத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். விதை வாங்க, உரம் வாங்க அந்த நாணயம்; வெளியே விற்க முடியாது. சந்தையில் விலைபோகும் பிக்சல் டோக்கனை அன்றாட உழவிலிருந்து தள்ளிவைத்தார்கள். யார் நிஜமாகவே ஆடுகிறார் என்று கணக்கிட்டு ஒரு நற்பெயர் மதிப்பெண் கொடுத்து, அது குறைவாக உள்ளவர் வெளியே எடுத்துப் போவதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள். பிறகு ஒரு அளவுகோலையும் வைத்துக்கொண்டார்கள்: பரிசாக விட்ட ஒவ்வொரு டோக்கனுக்கும் ஆட்டத்துக்குள் எவ்வளவு திரும்பிச் செலவாகிறது? ஒன்றுக்கு ஒன்று வந்தால் தாக்குப்பிடிக்கலாம், குறைந்தால் ரத்தம் போகிறது என்று பொருள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று இதை நாம் ஒரே வரியில் முடித்துவிடுவோம்; அவர்களுக்கு ஒரு வெள்ளை அறிக்கை தேவைப்பட்டது. அந்த அறிக்கையின் முதல் தூணே ‘முதலில் ஆட்டம் ரசிக்கும்படி இருக்கட்டும்’ என்பதுதான். டோக்கன் விலை அதற்காக மயங்கி நிற்கவில்லை, அது இறங்கித்தான் போனது. ஆனால் டோக்கன் இறங்கும் வேகத்தில் ஆட்டமும் இறந்துபோகவில்லை என்பது ஆக்ஸி காலத்திலிருந்து ஒரு படி ஏற்றம்.

ஆக்ஸியும் 2022-லேயே ஆரிஜின்ஸ் என்ற புதிய பதிப்பில் புதியவர்களுக்கு இலவச ஜந்துக்களைக் கொடுக்கத் தொடங்கியது. ஆயிரம் டாலர் வாசல் திறந்துவிடப்பட்டது. திறந்த நேரத்தில் வெளியே வரிசை இருக்கவில்லை.

சீட்டாட்டங்களின் கதை வேறு. சேகரிப்புச் சீட்டுகளை வாங்கி விற்பது பிளாக்செயினுக்கு வெகுகாலம் முன்பே உள்ள பழக்கம். 1993-இல் மேஜிக் தி கேதரிங் வந்த நாள் முதல் பள்ளிக்கூட வராந்தாக்களில் அந்தச் சந்தை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே சீட்டுக்கு விலை வந்ததற்குக் காரணம், அதைக் கையில் வைத்து ஆட ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால் சிட்னியின் இம்யூட்டபிள் நிறுவனம் காட்ஸ் அன்செயின்டு என்று சீட்டாட்டத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல புத்தி. மேஜிக்கின் கணினி வடிவமான அரீனாவை இயக்கிய கிறிஸ் கிளேயை அழைத்து வந்து பொறுப்பில் வைத்தார்கள். அடிப்படைச் சீட்டுகள் இலவசம். வாலட் என்றால் என்னவென்றே தெரியாமல் மாதக்கணக்கில் ஆடலாம். விருப்பமிருந்தால் ஒரே மாதிரிச் சீட்டுகளை இணைத்து, விற்கத்தக்க சீட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் மேஜிக்கின் வரலாற்றிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1995-இல் பழைய அரிய சீட்டுகளைத் திரும்ப அச்சிட்டு க்ரோனிக்கிள்ஸ் என்ற தொகுப்பாக வெளியிட்டார்கள். ஆடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம், மலிவாகச் சீட்டு கிடைத்தது. சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள், அவர்களுடைய சொத்தின் மதிப்பு இறங்கியது. அடுத்த ஆண்டே கம்பெனி ஒரு பட்டியல் போட்டு, இந்தச் சீட்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு இன்றுவரை கழுத்தில் கிடக்கிறது. பழைய முறையில் போட்டி ஆட ஆசைப்படும் இளைஞனுக்கு அந்தச் சீட்டுகள் இன்று எட்டாக்கனி.

எந்தப் பிளாக்செயின் ஆட்டமும் முதல் நாளிலேயே இந்தச் சண்டையை வீட்டுக்குள் குடிவைத்துக்கொள்கிறது. ஆடுகிறவருக்கு எல்லாம் மலிவாக, ஏராளமாகக் கிடைக்க வேண்டும். வாங்கி வைத்திருப்பவருக்கு அரிதாக, விலை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சீட்டு அநியாயத்துக்கு வலுவாக இருந்து போட்டியைக் கெடுத்தால் வடிவமைப்பாளர் அதன் வலுவைக் குறைப்பார். நல்ல ஆட்டம் அப்படித்தான் சமநிலைக்கு வரும். அந்தச் சீட்டுக்கு ஐந்நூறு டாலர் கொடுத்தவர் அதைச் சமநிலை என்று சொல்லமாட்டார், திருட்டு என்பார். யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டிய நாளில்தான் ஒரு நிறுவனம் ஆட்டத்தை முதலில் வைக்கிறதா என்பது தெரியும். அதற்கு முந்தைய நாள்வரை வெளியிடும் அறிக்கைகளுக்குப் பெரிய மதிப்பில்லை.

ஆட்டமே இல்லாத நேரத்தில் உடைமையை விற்றால் நிலைமை இன்னும் மோசம். எம்பர் ஸ்வோர்ட் என்ற ஆட்டம் 2021-இல் தன் கற்பனை உலகத்து நிலங்களை விற்றது. 2025 மே மாதம் மூடப்பட்டது. டெட்ராப் என்ற துப்பாக்கி ஆட்டமும் அந்த ஆண்டு ஜனவரியில் முழுமை பெறாமலே முடிந்தது. முன்பணம் வாங்கிய பிறகு ஆட்டத்தைச் செய்வது, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிவிட்டுச் சமையல் கற்றுக்கொள்ளப் போவது போல.

2024 அக்டோபரில் வந்த ஆஃப் தி கிரிட் எதிர்த்திசையில் போனது. கன்ஸில்லா நிறுவனத்தின் பேட்டில் ராயல் ஆட்டம், அதாவது கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயிப்பது. திரைப்பட இயக்குநர் நீல் ப்ளோம்கேம்ப் கதைத் திசை காட்டினார். எந்திரக் கை, எந்திரக் கால் மாட்டிக்கொண்டு சுடலாம். எபிக் கடையிலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் ஒரே நேரத்தில் இறங்கி, எபிக்கின் இலவச ஆட்டங்களில் முன்வரிசைக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் பார்க்கும் ஸ்ட்ரீமர்கள் ஆடினார்கள். அவலாஞ்ச் என்ற பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் தனிச் சங்கிலியே இருந்தது. ஆனால் ஆடியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. டோக்கன் வந்தது ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, 2025 மார்ச் 31 அன்று.

இந்த ஒளித்துவைப்புக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. 2021 அக்டோபரில் கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் கடை பிளாக்செயின் ஆட்டங்களுக்குக் கதவைச் சாத்தியது. அந்த டிசம்பரில் ஆட்ட நிறுவனமான யூபிசாஃப்ட் என்எஃப்டி (ஒரு பொருள் யாருடையது என்று பிளாக்செயினில் பதியும் தனி டோக்கன்) அறிவித்த வீடியோவுக்கு விழுந்த கட்டைவிரல்கள் கிட்டத்தட்ட எல்லாமே கீழ்நோக்கித்தான். ஸ்டாக்கர் 2 என்ற ஆட்டத்தின் அணி என்எஃப்டி அறிவித்த ஓரிரு நாளிலேயே பின்வாங்கியது. ஆடுகிறவர்களின் இந்த வெறுப்பைத் தொழில்நுட்ப அறியாமை என்று கிரிப்டோகாரர்கள் அப்போது சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் மைதானத்தில் யாரோ தராசைக் கொண்டுவந்து வைக்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குச் சரியாகவே மூக்கில் பட்டது.

ஆனால் ஆஃப் தி கிரிட் போன்ற ஒன்று ரசிக்கப்பட்டால் ஒரு சங்கடமான கேள்வி எழும். சங்கிலி தெரியாமல் இருக்கும்போதுதான் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்றால், சங்கிலி எதற்கு?

வழக்கமான பதில், உடைமை. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் ஆட்டத்தில் துப்பாக்கிகளுக்கு விற்கப்படும் வண்ணப் பூச்சுகளை உதாரணம் காட்டுவார்கள். 2013-இல் தொடங்கிய அந்தச் சந்தை பல நூறு கோடி டாலருக்கு வளர்ந்தது, பிளாக்செயின் இல்லாமலே. 2025 அக்டோபரில் அந்த ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரே ஒரு விதியை மாற்றி, சிவப்பு ரகப் பொருள்கள் ஐந்தைக் கொடுத்து, அதுவரை மிக அரிதாக இருந்த கத்தியைப் பெறலாம் என்றது. ஓரிரு நாளில் சந்தை மதிப்பில் கணிசமான பகுதி கரைந்தது. ‘பார்த்தீர்களா, உங்கள் பொருள் உங்களுடையதாக இருந்திருந்தால் இப்படி ஆகுமா’ என்று கிரிப்டோ பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஆகியிருக்கும். கத்தி யார் பெயரில் பதிவாகியிருந்தாலும், கத்தி எவ்வளவு அரிது என்பதை முடிவுசெய்பவர் விதியை எழுதுகிறவர்தான். பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கலாம். ஆறு வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்த வயலில் என்ன விளையும்?

ஆக, விதியே சங்கிலியில் இருந்தால் ஒழிய இந்த வாதம் நிற்காது. அப்படி ஒரு ஆட்டம் இருந்தது. 2020-இல் பிரையன் கூ என்பவரும் நண்பர்களும் எழுதிய டார்க் ஃபாரஸ்ட். அதற்கு டோக்கன் கிடையாது. சம்பளமும் கிடையாது. முன்வரிசையில் வருபவர்களுக்கு நினைவுப் பரிசாகச் சில என்எஃப்டிகள் தருவார்கள், அவ்வளவுதான்.

பிரபஞ்சத்தில் கோள்களைப் பிடிக்கும் போர் ஆட்டம் அது. இத்தகைய ஆட்டங்களில் எதிரி எங்கே இருக்கிறான் என்பது தெரியக்கூடாது, இருட்டுதான் சுவை. ஆனால் பிளாக்செயினில் எல்லாமே எல்லாருக்கும் தெரியும். சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரம்மி ஆடுவது மாதிரி. அவர்கள் எடுத்த வழி, ரகசியத்தைக் காட்டாமலே அது சரிதான் என்று நிரூபிக்கும் கணித முறை. ‘என் கோள் எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் இப்போது செய்த நகர்வு விதிப்படி சரி என்பதற்கு இதோ நிரூபணம்’ என்று உங்கள் கணினி சங்கிலிக்குச் சொல்லும். சங்கிலி ஒத்துக்கொள்ளும். நடுவர் என்று ஒரு கம்பெனி சர்வர் தேவையே இல்லை. வரைபடத்தை அறியவும் உங்கள் கணினி ஒவ்வொரு கட்டமாகக் கணக்கிட்டுத் தேட வேண்டும். இரவெல்லாம் லேப்டாப் மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும், விடிந்து பார்த்தால் இருட்டில் இன்னும் கொஞ்சம் விலகியிருக்கும்.

விதிகள் பொதுவில் இருந்ததால் ஆடுகிறவர்கள் அதன் மேல் கட்ட ஆரம்பித்தார்கள். தானாகத் தாக்கும் நிரல்கள், வரைபடத்தை வேகமாகத் தேடும் கருவிகள், கூட்டணிக்குள் வரைபடத்தை விற்கும் கடைகள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் ஆளில்லை. ஒருவர் இன்னும் மேலே போய், ஒரு ஸ்மார்ட் ஒப்பந்தத்தையே (சங்கிலியில் தானாக ஓடும் நிரலையே) ஆட்டக்காரராகக் களமிறக்கினார்; மற்றவர்கள் தங்கள் கோள்களை அதற்குத் தானமாகக் கொடுத்துச் சேர்ந்து ஆடினார்கள்.

பெரிய ஆட்டமல்ல இது. ஆயிரக்கணக்கில்தான் ஆடினார்கள், அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகவே முடிந்தது. பெருங்கூட்டத்துக்கான விடை இதில் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு சுற்றும் குறித்த நாளில் முடிந்துவிடும். அத்தனை கோள்களும் அப்படியே கைவிடப்படும். அடுத்த சுற்றுக்கு எதையும் எடுத்துப் போக முடியாது. விற்று மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லாத அந்தப் பிரபஞ்சத்துக்கு அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். 2022-இல் உருவாக்கியவர்கள் புதிய சுற்றுகள் நடத்துவதை நிறுத்தியபோது, ஆடிக்கொண்டிருந்தவர்களே நிரலை எடுத்து அடுத்த சுற்றை நடத்தினார்கள்.